பஸ்கா பந்தியில் அயலாருக்கும் இடம்

"அந்நிய புத்திரன் ஒருவனும் அதைப் புசிக்கவேண்டாம்." எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதை யூதர்கள் நினைவுகூரும் பஸ்கா பண்டிகையின் உணவைப் பற்றி, விவிலியத்தில் யாத்திராகமத்தின் 12-ஆம் அதிகாரம் இப்படித்தான் கட்டளையிடுகிறது. விருத்தசேதனம் செய்துகொள்ளாதவன் வாய் வைக்கக் கூடாது. கூலியாளுக்கும் இல்லை. இறைச்சியில் ஒரு துண்டுகூட வீட்டுக்கு வெளியே போகக் கூடாது.

அதே பண்டிகையின் இரவில் இன்று யூத வீடுகளில் பந்தி தொடங்கும்போது, வீட்டுப் பெரியவர் புளிப்பில்லாத அப்பத்தை உயர்த்திப் பிடித்துச் சொல்வது வேறு: "எகிப்து நாட்டில் நம் முன்னோர் உண்ட துன்பத்தின் அப்பம் இது. பசித்தவர் எவரும் வந்து உண்ணட்டும். தேவையுள்ளவர் எவரும் வந்து பஸ்காவில் கலந்துகொள்ளட்டும்." அந்த இரவில் ஓதப்படும் ஹகாதா நூலின் பெரும்பகுதி எபிரேயத்தில் இருக்க, இந்த அழைப்பு அராமேயத்தில் இருக்கிறது. அன்று தெருவில் புழங்கிய மொழி அதுதான். கூப்பிடுவது தெருவில் இருப்பவனுக்குப் புரிய வேண்டுமல்லவா என்று பின்னால் வந்த உரைகாரர்கள் காரணம் சொன்னார்கள்.

ஒரே பண்டிகைக்கு நேரெதிரான இரண்டு வாசகங்கள். இந்து மருமகனும் கத்தோலிக்க மாமியாரும் பக்கத்து வீட்டு முஸ்லிமும் சேர்ந்து உட்காரும் இன்றைய பஸ்கா பந்தியைப் புரிந்துகொள்ள, இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். யூதர்கள் திடீரென்று தாராள மனத்துக்கு மாறிவிட்டார்கள் என்ற விளக்கம் எளிது, ஆனால் சரியில்லை.

எருசலேம் ஆலயம் இருந்தவரை பஸ்கா என்றால் ஓர் ஆட்டுக்குட்டி. ஆலயத்தில் அறுத்து, முழுதாகச் சுட்டு, இரவோடு இரவாகக் குழுவாக உண்டு முடிக்க வேண்டும். அந்த ஆட்டைச் சுற்றியிருந்த வேலி எவ்வளவு கெட்டியானது என்பதற்கு, யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் ஒரு கதை உண்டு. இன்றைய துருக்கியில் இருக்கும் நிசிபிஸ் ஊரைச் சேர்ந்த, யூதனல்லாத புறவினத்தான் ஒருவன், ஆண்டுதோறும் எருசலேமுக்குப் போய்ப் பஸ்கா இறைச்சியின் நல்ல பகுதியைத் தின்றுவிட்டு வருவதாகப் பெருமையடித்துக்கொண்டான். யெகூதா பென் பத்தேரா என்ற ரபி, அதாவது யூத மதகுரு, கோபத்தைக் காட்டிக்கொள்ளாமல், "கொழுத்த வாலைக் கொடுத்தார்களா?" என்று கேட்டார். இல்லை என்றான். "அடுத்த முறை அதையே கேள்" என்று சொல்லி அனுப்பினார். வால் பலிபீடத்துக்கு உரியது, யாருக்கும் பரிமாறப்படுவதில்லை. அவன் போய்க் கேட்டான், விசாரித்தார்கள், அயலான் என்று தெரிந்தது, கொன்றுவிட்டார்கள். கதை நடந்ததோ, கட்டப்பட்டதோ, அதைச் சொன்னவர்கள் மனத்தில் கதவு எந்த அளவுக்குச் சாத்தியிருந்தது என்பது தெரிகிறது.

கி.பி. 70-இல் ரோமானியர் ஆலயத்தை இடித்தார்கள். பலி நின்றது. ஆட்டிறைச்சி போனபின் அதைச் சுற்றியிருந்த வேலிக்கும் காவல் காக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. இன்றைய பந்தித் தட்டில் இருக்கும் சுட்ட எலும்பு அந்த ஆட்டின் ஞாபகம் மட்டுமே. அதை எடுத்து யாரும் உண்பதில்லை. எஞ்சியவை புளிப்பில்லாத அப்பமும் கசப்புக் கீரையும் நான்கு கிண்ணம் திராட்சை ரசமும் ஒரு கதையும்தான். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்ட நூல் இவற்றை ஓர் ஒழுங்கில் வைத்தது. ஒழுங்கு என்பதற்கு எபிரேயச் சொல் செடர். பந்திக்கும் அதுவே பெயராகிவிட்டது.

இதற்குப் பிறகுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. செடர் என்பது தெரிந்தவர்கள் கூடித் தெரிந்ததை ஓதும் சடங்காக வகுக்கப்படவில்லை. தெரியாத ஒருவர் கேட்டால்தான் அது நகரும். இரண்டாவது கிண்ணத்தில் ரசம் ஊற்றியதும் பிள்ளை தகப்பனைக் கேட்க வேண்டும், "மற்ற இரவுகளிலிருந்து இந்த இரவு ஏன் வேறுபட்டிருக்கிறது?" என்று. பிள்ளைக்குக் கேட்கத் தெரியாவிட்டால்? மனைவி கேட்கட்டும் என்கிறது தல்மூது. அவளும் இல்லையென்றால் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும். சட்டமெல்லாம் கரைத்துக் குடித்த இரண்டு பண்டிதர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால்கூட ஒருவரை ஒருவர் கேட்டாக வேண்டும். சாப்பாட்டுக்கு முன்பே கீரைத் தண்டை உப்புத் தண்ணீரில் தோய்த்து உண்பது, மூன்று அப்பங்களில் நடுவிலுள்ளதை உடைத்து ஒரு பாதியை ஒளித்து வைப்பது போன்ற விநோதங்களெல்லாம் 'இது எதற்கு?' என்று யாராவது வாய் திறக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடுகள்.

பத்து ஆண்டுகளாக இதே கேள்வியை இதே ராகத்தில் பாடிவரும் பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பதில் தெரியும். ஆனால் முதன்முறையாக வந்திருக்கும் மருமகள், தட்டில் ஏன் முட்டை இருக்கிறது என்று கேட்கிறாளே, அது நிஜமான கேள்வி. அப்போது மாமனார் நூலிலிருந்து தலையை எடுத்து யோசிக்க வேண்டியிருக்கிறது. தன் அப்பா சொன்னது ஒன்று, புத்தகத்தில் இருப்பது வேறொன்று என்று மேசையில் ஒரு சின்ன வாக்குவாதம் கிளம்புகிறது. செடர் தொடங்கிவிட்டது. வேற்று மதத்து விருந்தினரை இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் ஆளாக நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்த ஆளுக்கான நாற்காலி சடங்கின் உள்ளேயே போடப்பட்டிருக்கிறது.

இருந்தாலும் மதச் சட்டம் அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவதில்லை. சனிக்கிழமை ஓய்வுநாளில் புறவினத்தாரை விருந்துக்கு அழைக்கலாம், பண்டிகை நாளில் அழைக்கக் கூடாது என்று தல்மூதில் ஒரு விதி இருக்கிறது. கேட்டால் தலைகீழாகத் தோன்றும். காரணம் அடுப்பு. ஓய்வுநாளில் சமையலே கிடையாது, எல்லாம் முந்தின நாளே ஆகிவிடும். பண்டிகை நாளிலோ யூதர் தங்கள் தேவைக்குச் சமைத்துக்கொள்ளலாம். விருந்தாளி வந்திருக்கிறாரே என்று அவருக்காக இன்னொரு சட்டி ஏற்றிவிட்டால் அந்தச் சலுகை மீறப்பட்டுவிடும் என்ற பயம். ஆசாரமான குடும்பங்கள் இன்றும் இதற்கு எளிய வழி வைத்திருக்கின்றன. பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் சமைத்துவிடுவார்கள்.

ரசத்திலும் ஒரு சிக்கல் உண்டு. விக்கிரகங்களுக்குப் படைத்த திராட்சை மது கலந்துவிடக் கூடாதென்ற பழைய அச்சத்தால், யூதரல்லாதார் கையாண்ட மதுவைக் குடிப்பதில்லை என்று ஆசாரக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். ஆனால் கொதிக்கக் காய்ச்சிய திராட்சை மதுவுக்கு அந்தத் தடை இல்லை, அதை யாரும் படையலுக்கு வைப்பதில்லை என்பதால். எனவே வேற்று மதத்தினர் வரப்போகிறார்கள் என்றால், காய்ச்சியது என்று சீட்டு ஒட்டிய பாட்டிலாகப் பார்த்து வாங்கிவைப்பார்கள். விருந்தாளி தயங்காமல் பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றலாம். வீட்டுக்காரர் வாயைத் திறந்து எதையும் விளக்க வேண்டியதில்லை. விருந்தோம்பலில் இப்படிச் சத்தமில்லாமல் நடப்பதுதான் அதிகம்.

இனி, வெறுங்கையோடு எப்படிப் போவது என்று எண்ணும் நம்மவர்களுக்கு. பஸ்காவின் எட்டு நாட்களில், இஸ்ரேலில் ஏழு நாட்களில், ஹமேட்ஸ் என்ற புளித்த பண்டம் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் என்ற ஐந்து தானியங்களில் எதன் மாவிலும் தண்ணீர் பட்டுப் பதினெட்டு நிமிடத்துக்குள் அடுப்புக்குப் போகாவிட்டால் அது ஹமேட்ஸ். அதனால்தான் மாட்ஸா என்ற அப்பம் அப்பளம்போல் மொடமொடவென்று இருக்கிறது. பண்டிகைக்கு முந்தின இரவு மெழுகுவத்தியும் ஓர் இறகும் எடுத்துக்கொண்டு அலமாரி மூலைகளில் ரொட்டித்தூள் தேடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இப்படித் துடைத்து வைத்த வீட்டுக்குள் அன்போடு சுட்ட ஒரு கேக்கை எடுத்துக்கொண்டு போய் நின்றால் அவர்கள் முகம் என்ன ஆகும்!

சரி, சாம்பார் கொண்டுபோனால்? பருப்பும் புளியும்தானே, கோதுமை எங்கே இருக்கிறது என்று தோன்றும். பெருங்காயத்தில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா மாவோ கோதுமை மாவோ சேர்த்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரியும்.

இட்லி நிலைமை இன்னும் சுவையானது. அரிசியும் உளுந்தும் அந்த ஐந்து தானியங்களில் இல்லை. ஆனாலும் கிழக்கு, நடு ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசி யூதர்கள் அரிசி, பருப்பு, அவரை வகைகளைக் கிட்னியோட் என்று தனியாகப் பெயரிட்டுப் பல நூற்றாண்டுகளாகப் பஸ்காவில் விலக்கிவந்தார்கள். மத்தியதரைக் கடல் நாடுகளைச் சேர்ந்த செபார்டிகளுக்கு அந்தத் தடை கிடையாது. கொச்சியிலும் கொங்கணக் கரையிலும் வாழ்ந்த இந்திய யூதர்களுக்கும் அரிசி இல்லாமல் பஸ்கா இல்லை. அரிசியில் கோதுமை மணி ஏதும் கலந்திருக்கிறதா என்று மூன்று முறை பொறுக்கிப் பார்க்கும் வழக்கம் செபார்டி வீடுகளில் உண்டு. முறத்தை மடியில் வைத்துக் கல் பொறுக்கிய நம் பாட்டிமார்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இருந்திருக்காது. அமெரிக்க யூதர்களின் கன்சர்வேடிவ் என்ற மதப் பிரிவின் சட்டக் குழு 2015 டிசம்பரில்தான் அஷ்கெனாசிகளும் அரிசி பருப்பு உண்ணலாம் என்று இறங்கிவந்தது. வேடிக்கை என்னவென்றால், பஸ்கா தட்டில் வைக்க வேண்டிய இரண்டு சமைத்த பண்டங்கள் எவை என்ற கேள்விக்குத் தல்மூதில் ராவ் ஹுனா சொன்ன பதில்: பீட் செடியும் அரிசியும். எலும்புக்குப் பதில் பீட்ரூட் வைக்கும் சைவ உணவுக்காரர்களுக்கு இவர்தான் துணை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் கதவைத் திறந்து வைத்து, 'தேவையுள்ளவர் எவரும் வந்து உண்ணட்டும்' என்று சொன்னவராகத் தல்மூது குறிப்பிடுவதும் இதே ராவ் ஹுனாவைத்தான். பஸ்காவின் அராமேய அழைப்பில் அவருடைய வாசலின் எதிரொலி கேட்கிறது.

ஆக, எதைக் கொண்டுபோவது? பூக்கள். முழுப் பழங்கள். பஸ்காவுக்கு ஏற்றது என்று முத்திரையிட்ட மது. மூன்றும் இல்லையென்றால், முன்கூட்டியே கேட்டுவிடுவது.

வந்தவர் முஸ்லிமாக இருந்து ரமலானும் சேர்ந்துகொண்டால் நேரக் கணக்கும் பார்க்க வேண்டும். 2022-இல் அப்படி ஆயிற்று. ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டும் பெரிய வியாழனும், மறுநாள் பெரிய வெள்ளி, அன்று மாலையே பஸ்கா, எல்லாம் ரமலான் மாதத்துக்குள். நோன்பாளி சூரியன் மறைந்ததும் நோன்பு திறக்க வேண்டும். செடரோ நன்றாக இருட்டிய பிறகே தொடங்கும், கதை முடிந்து சோறு வர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். பேரீச்சம்பழமும் தண்ணீரும் முதலிலேயே எடுத்து வைத்துவிட்டால் தீர்ந்தது. நான்கு கிண்ணத்துக்கும் மதுவுக்குப் பதில் திராட்சைச் சாறு ஊற்றிக்கொள்ளச் சட்டத்திலேயே இடமுண்டு.

அயலார் இல்லாமல் பஸ்காவே நடக்காது என்று சொல்லும்படியான ஓர் ஏற்பாடும் இருக்கிறது. வீட்டில் இருக்கும் ஹமேட்ஸை எல்லாம் எரித்துவிட முடியாது. ஒரு விஸ்கி வியாபாரி என்ன செய்வார்? எனவே ரபி ஒருவர் மூலம் யூதரல்லாத ஒருவருக்கு அதை முறைப்படி எழுதி விற்றுவிடுவார்கள். சரக்கு இருக்கும் இடத்தைவிட்டு நகராது, உரிமை மட்டும் கைமாறும். பண்டிகை முடிந்ததும் பாக்கித் தொகை வராததால் சரக்கு பழையபடி திரும்பும். நாடகம்போலத் தோன்றினாலும் சட்டப்படி இது நிஜ விற்பனை. வாங்கியவர் நடுவில் வந்து, 'என் விஸ்கியைக் கொடு' என்றால் கொடுத்தாக வேண்டும். இஸ்ரேல் அரசின் ஹமேட்ஸும் இப்படித்தான் ஆண்டுதோறும் விற்கப்படுகிறது. எருசலேமுக்கு அருகிலுள்ள அபூ கோஷ் என்ற அரபு ஊரைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவர் பல ஆண்டுகள் அதை வாங்கி, ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் பெரும் செல்வந்தராக இருந்து, பிறகு தம் பழைய வேலைக்குத் திரும்பினார்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பஸ்கா காலம் எப்போதும் நல்லுறவின் காலமாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பாவில் அது பெரும்பாலும் பயத்தின் காலம். 1144-இல் இங்கிலாந்தின் நார்விச்சில் ஒரு சிறுவன் இறந்தான். யூதர்கள் கொன்றார்கள் என்று கதை கட்டினார்கள். பின்னர் அது, பஸ்கா அப்பத்துக்காகக் கிறிஸ்தவக் குழந்தையின் இரத்தம் எடுக்கிறார்கள் என்ற பழியாக வளர்ந்து, 1475-இல் இத்தாலியின் திரெந்தோவில் யூதர்களைக் கொலைக்களத்துக்கு அனுப்பியது. முட்டையில் ஒரு துளி இரத்தம் தெரிந்தாலே தூக்கி எறிகிற சமூகத்தின்மேல் இந்தப் பழி! 1903-இல் ருஷ்யப் பேரரசின் கிஷினேவில் ஈஸ்டர் ஞாயிறன்று தொடங்கிய கலவரத்திலும் இதே வதந்தி பரவியிருந்தது, 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். பஸ்காவுக்குச் சிவப்பு மதுவே சிறந்தது என்ற பழைய விதியை மாற்றி, 17-ஆம் நூற்றாண்டில் போலந்தின் ரபி தாவீது ஹலேவி, பொய்ப்பழிக்கு அஞ்சிச் சிவப்பைத் தவிர்க்கச் சொன்னார். யாராவது எட்டிப் பார்த்தால் கிண்ணத்தில் இருப்பது சிவப்பாக இருக்கக் கூடாது.

இந்தப் பயத்தின் வடு ஹகாதாவிலேயே இருக்கிறது. விருந்து முடிந்து எலியா தீர்க்கதரிசிக்காகக் கதவைத் திறக்கும் நேரத்தில், "உம்மை அறியாத இனங்கள்மேல் உமது சினத்தை ஊற்றும்" என்ற சங்கீத வரிகளை ஓதுவார்கள். மத்திய காலத்தில் நூலில் ஏறியவை அவை. நான்கு பேர் வேற்று மதத்தினராக உட்கார்ந்திருக்கும் மேசையில் அந்தப் பக்கம் வரும்போது வீட்டுக்காரருக்குத் தொண்டை கமறும். சிலர் பக்கத்தைத் தள்ளிவிடுவார்கள். சிலர் எபிரேயத்தில் வேகமாக முணுமுணுத்து முடித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், நிறுத்தி, இது ஏன் இங்கே வந்தது, யாருக்கு அஞ்சி எழுதப்பட்டது என்று சொல்லிவிட்டுப் படிப்பதே விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை. அதே நூலில் இன்னொரு பக்கம் இருக்கிறது. எகிப்தின் பத்து வாதைகளையும் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி ரசத்தைக் கிண்ணத்திலிருந்து விரலால் தொட்டுத் தட்டில் உதறுவார்கள். எதிரிதான் என்றாலும் அவன் துன்பப்பட்ட இரவில் நம் கிண்ணம் நிறைந்திருக்கக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

மொராக்கோவில் கதை வேறு விதமாக இருந்தது. பஸ்கா முடியும் இரவில் அங்குள்ள யூதர்கள் மிமூனா என்ற கொண்டாட்டம் வைத்திருந்தார்கள். எட்டு நாளாக வீட்டில் ஒரு பிடி மாவில்லை, பண்டிகை முடிந்த கணத்தில் கடையும் திறந்திருக்காது. அண்டை வீட்டு முஸ்லிம்கள் தட்டில் மாவு, ஈஸ்ட், பால், வெண்ணெய், தேன் எல்லாம் கொண்டுவருவார்கள். அந்த மாவைப் பிசைந்து, எண்ணெய் தொட்டு மெல்லிசாக இழுத்து, கல்லில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுச் சுடும் ரொட்டிக்கு முஃப்லெட்டா என்று பெயர். நம் பரோட்டா மாஸ்டர் பார்த்தால் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார். வெண்ணெயும் தேனும் தடவிச் சுருட்டி, மாவு தந்தவர்களோடும் பகிர்ந்துகொள்வார்கள். அன்றிரவு கதவுகள் திறந்தே இருக்கும். செடரின் தொடக்கத்தில் வாயால் சொன்ன அழைப்பு, பண்டிகையின் கடைசியில் அயலாரின் மாவாக வந்து சேர்கிறது. 1940-களின் முடிவில் மொராக்கோவில் சுமார் இரண்டரை லட்சம் யூதர்கள் இருந்தார்கள். இன்று சில ஆயிரம் பேர். பெரும்பாலோர் போன இஸ்ரேலில் மிமூனா எல்லோருக்குமான கொண்டாட்டமாகிவிட்டது, அரசியல்வாதிகள் வீடு வீடாகப் போய் முஃப்லெட்டாவோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். மாவு கொண்டுவந்த அண்டை வீட்டுக்காரர்தான் இல்லை. பஸ்கா நாட்களில் மேற்குக் கரையின் சோதனைச் சாவடிகளை மூடுவது இஸ்ரேல் ராணுவத்தின் பல ஆண்டு வழக்கம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது.

இன்றைய கலப்புப் பந்தி பெரும்பாலும் அமெரிக்காவில் உருவானது. ப்யூ ஆய்வு மையத்தின் 2020 கணக்கெடுப்பில், 2010-க்குப் பின் மணம் செய்த அமெரிக்க யூதர்களில் 61 சதவீதத்தினரின் துணை யூதரல்லாதவர். அதே கணக்கெடுப்பில் 62 சதவீதத்தினர் முந்தைய பஸ்காவில் செடர் நடத்தினார்கள் அல்லது ஒரு செடரில் கலந்துகொண்டார்கள். இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மேசைகளைச் சுற்றி யார் யார் இருப்பார்கள் என்று ஊகிக்கலாம். இந்தக் குடும்பங்கள் தங்களுக்கான ஆதாரத்தை மூலக் கதையிலேயே கண்டுபிடித்திருக்கின்றன. மோசேயைத் தண்ணீரிலிருந்து எடுத்து வளர்த்தவள் பார்வோனின் மகள். அவன் மனைவி சிப்போராள் மீதியான் தேசத்தவள், மாமனார் எத்திரோ அந்நாட்டு ஆசாரியன். எகிப்தைவிட்டு இஸ்ரவேலர் புறப்பட்டபோது பல இனத்து மக்கள் திரளாக அவர்களோடு சேர்ந்து போனார்கள் என்று, அயலானை விலக்கும் அதே 12-ஆம் அதிகாரம்தான் சொல்கிறது.

பந்தி வீட்டைத் தாண்டிப் பொதுவெளிக்கு வந்ததற்கு ஒரு தேதி சொல்லலாம்: 1969 ஏப்ரல் 4. மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு அன்றோடு ஓராண்டு. 1968 பஸ்காவுக்கு அவர் ரபி ஆபிரகாம் யோசுவா ஹெஷல் வீட்டுச் செடருக்கு வருவதாக இருந்தார். அதற்குச் சில நாட்கள் முன்பு கொல்லப்பட்டார். வாஷிங்டன் தெருக்களில் கலவரத்தை அடக்க ராணுவம் நின்றது. செடருக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஆர்தர் வாஸ்கோ என்ற யூத எழுத்தாளருக்கு, கண்முன் நிற்பது பார்வோனின் சேனை என்று தோன்றியது. அவர் புதிதாக ஒரு ஹகாதா எழுதினார். அதை வைத்து அடுத்த ஆண்டு வாஷிங்டனில் ஒரு கறுப்பினத்தவர் தேவாலயத்தின் நிலவறையில் யூதரும் கிறிஸ்தவரும் கறுப்பரும் வெள்ளையருமாகச் சுமார் 800 பேர் செடர் நடத்தினார்கள். அதே ஹெஷலின் மகள் சூசன்னா 1980-களில் பந்தித் தட்டில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்தார், சமூகம் ஓரங்கட்டிய தன்பால் விருப்பினருக்கான இடமாக. காலப்போக்கில் அந்தக் கதையே திரிந்து, பெண் ரபிகளை எதிர்த்த யாரோ ஓர் ஆண் சொன்ன வார்த்தைக்கு மறுமொழியாக வைத்தது என்று ஊரெல்லாம் பரவிவிட்டது. தம் யோசனை ஒரு ஆணின் வாய்க்குப் போய்ச் சேர்ந்ததே என்று அவர் குறைப்பட்டுக்கொண்டது நியாயம்தான்.

வெள்ளை மாளிகைச் செடரின் தொடக்கம் இன்னும் எளியது. 2008 ஏப்ரலில் பென்சில்வேனியாவில் தேர்தல் பிரசாரம். வீட்டுக்குப் போக முடியாத சில இளம் ஊழியர்கள் ஹாரிஸ்பர்க் நகரில் ஒரு ஹோட்டலின் நிலவறை அறையில் அவசரமாகச் செடர் வைத்தார்கள். பராக் ஒபாமா எட்டிப் பார்த்தவர் உட்கார்ந்துவிட்டார். 'அடுத்த ஆண்டு எருசலேமில்' என்று செடரை முடிக்கும் இடத்தில் அவர், 'அடுத்த ஆண்டு வெள்ளை மாளிகையில்' என்றார். 2009 முதல் பதவியில் இருந்தவரை அது அங்கே நடந்தது. பயன்படுத்திய ஹகாதா, ஒரு காபி நிறுவனம் விளம்பரத்துக்காக 1930-களிலிருந்து கடைகளில் இலவசமாகக் கொடுத்துவரும் நீலநிற மலிவுப் பதிப்பு.

உபசரிப்பு ஒரு பக்கம். விருந்தாளியே வீட்டை எடுத்துக்கொள்வது வேறு. இயேசுவின் கடைசி இராவுணவு ஒரு செடர்தானே என்று, அமெரிக்காவில் பல தேவாலயங்கள் யூதர் ஒருவரும் இல்லாமல் தாங்களே செடர் நடத்தத் தொடங்கின. அந்த உணவு பஸ்கா விருந்தா என்பதிலேயே நற்செய்தி நூல்கள் ஒத்துப்போகவில்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆம் என்கின்றன. யோவானின் கணக்கில் அது பஸ்காவுக்கு முந்தின இரவு. எப்படியானாலும் இன்றைய செடரின் வடிவம் ஆலயம் இடிந்த பிறகு வந்தது. இயேசுவும் சீடரும் ஹகாதா படித்திருக்க முடியாது. யூதர்களுக்கு இதில் உறுத்துவது சரித்திரப் பிழை மட்டுமல்ல. இரத்தப் பழி சுமந்து, கதவைத் தாழிட்டுக் காப்பாற்றிவந்த சடங்கை, பழி சுமத்தியவர்களின் வழியில் வந்தவர்கள் எடுத்து, அதன் பொருள் நாங்கள் சொல்வதே என்று முடித்துவைப்பது. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்களின் வழிபாட்டுக் குழு 1988-இல் இதை வெளிப்படையாகவே கண்டித்தது. செடரின் இறுதியில் புதிய ஏற்பாட்டை வாசித்து அதற்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டாம் என்றது.

சொந்தமாக ஒன்றை வளர்த்துக்கொள்வதில் அந்தச் சங்கடம் இல்லை. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவில் அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவிடாமல் அவிக்கும் பெசஹா அப்பமும், குடும்பத் தலைவர் அதை முறித்து வயது வரிசையில் கொடுப்பதும் பஸ்காவின் தூரத்து உறவு. பெசஹா என்ற சிரியச் சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது. ஆனால் அது யூதரின் செடராக வேடம் போடவில்லை. தென் தமிழகத்துக் கத்தோலிக்க ஊர்களில் பாஸ்கா என்றால் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இரவு நாடகம். சொல் பயணம் செய்யும்போது இப்படிப் புது வீடு கட்டிக்கொள்ளும்.

பொஸ்னியாவின் தலைநகர் சரயேவோவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு ஹகாதா இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் வட ஸ்பெயினில், அநேகமாகப் பார்சலோனாவில், மெல்லிய கன்றுத் தோலில் பொன்னும் நீலமும் இழைத்து எழுதப்பட்டது. 1492-இல் யூதர்கள் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டபின் அது எப்படியோ இத்தாலிக்கு வந்தது. யூத நூல்களை எரித்துக்கொண்டிருந்த காலத்தில், 1609-இல், தணிக்கை செய்த கத்தோலிக்கப் பாதிரியார் விஸ்தோரீனி கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டு அதைப் பிழைக்க விட்டார். 1894-இல் சரயேவோ அருங்காட்சியகத்துக்கு ஒரு குடும்பம் அதை விற்றது. 1942-இல் நாஜி தளபதி ஒருவர் நேரில் வந்து கேட்டபோது, அருங்காட்சியகத்தின் முஸ்லிம் நூலகர் தெர்விஷ் கோர்குத் அதை மறைத்துக் காப்பாற்றினார். ஒரு யூதப் பெண்ணுக்கும் தம் வீட்டில் அடைக்கலம் கொடுத்தவர் அவர். 1992-இல் நகரம் குண்டுவீச்சில் சிக்கியபோது, எனவர் இமாமோவிச் என்ற இன்னொரு முஸ்லிம், தொல்லியல் அறிஞர், உள்ளே போய் அதை மீட்டார். வங்கியின் பெட்டகத்தில் போர் முடியும்வரை இருந்தது. அரசு அதை விற்று ஆயுதம் வாங்கிவிட்டது என்று ஊரில் பேச்சு கிளம்ப, 1995 பஸ்காவில், இன்னும் முற்றுகை நீங்காத சரயேவோவில், யூதச் சமூகம் நடத்திய செடருக்கே பொஸ்னியாவின் அதிபர் அந்த நூலைக் கொண்டுவந்து காட்டினார்.

அதில் ஒரு பக்கத்தின் அடியில் ஒரு செடர் மேசை வரையப்பட்டிருக்கிறது. குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. கூடவே காவி நிற உடையில் கறுப்பு நிறப் பெண் ஒருத்தி கையில் மாட்ஸாவோடு இருக்கிறாள். வேலைக்காரியா, மதம் மாறியவளா, விருந்தாளியா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்நூலின் தாள்களில் ஆங்காங்கே திராட்சை ரசக் கறைகள் இருக்கின்றன, பல நூறு பஸ்கா இரவுகளில் யார் யார் கையோ தட்டிவிட்ட கிண்ணங்களிலிருந்து.